தோப்பில் தீ மூட்ட பெட்ரோல் ஏன் ஆகாது?

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று பொள்ளாச்சிக்கும் கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூருக்கும் இடையில் எந்தத் தென்னந்தோப்புக்குள் போனாலும் ஒரு மூலையில் மட்டைக் குவியல் கிடக்கும். பழைய ஓலை, பன்னாடை, பாளை, தேங்காய் உரிமட்டை எல்லாம் அங்கேதான் சேரும். வாடல் நோய் வந்து வெட்டிச் சாய்த்த மரங்களின் கொண்டைகளும் இப்போது அதில் சேர்ந்திருக்கின்றன. விட்டுவைத்தால் மக்கிப்போய் காண்டாமிருக வண்டு அடையும் என்ற பயத்தில் பலரும் தீ வைக்கிறார்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், தீக்குச்சி நின்றுகொள்ளாது. அப்போதுதான் யாராவது, "ஏனுங் மாமா, துளி பெட்ரோல் ஊத்துனா சட்டுன்னு புடிச்சுக்குமுங்க" என்பார். பைக்கின் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டும் வந்துவிடுவார்.

பெட்ரோல் ஆபத்து என்று தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் அந்த ஆபத்து எப்படி வருகிறது என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் ஏராளம். தூர நின்று குச்சியை எறிந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். கொஞ்சமாக ஊற்றினால் பயமில்லை என்கிறார்கள். டீசல் கலந்துகொண்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊற்றிவிட்டு நன்றாக ஊறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இந்த நான்குமே ஒரே தவறிலிருந்து பிறந்தவை. கீழே ஊற்றிய திரவம்தான் எரியப்போகிறது, அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் தீ இருக்கும் என்ற நினைப்பு அது.

எரிவது எது?

வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய விஷயம் இது. ஒரு மெழுகுவத்தியை இரண்டு நிமிடம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும். எரியும் தீக்குச்சியைத் திரிக்குச் சற்று மேலே, அந்தப் புகைக்கோட்டில் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடவே தொடாது. ஆனாலும் சுடர் அந்தப் புகை வழியாகக் கீழே குதித்துத் திரியில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளைப் புகை, மெழுகின் ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகத் தெரிவது. திரவமோ மெழுகோ காற்றில் கலக்கும் வாயு நிலைக்குத்தான் இங்கே ஆவி என்று பெயர். மெழுகு, எண்ணெய், பெட்ரோல் எதுவானாலும் திரவமாக இருக்கும்போது சுடர்விட்டு எரிவதில்லை. ஆவியாகி, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு கலந்த பிறகுதான் எரிகிறது. மெழுகுவத்தியில் இந்த ஆவி ஒரு நூலளவுதான் உண்டாகும், அதனால் தீ சுண்டுவிரல் அளவிலேயே நிற்கிறது. பெட்ரோலில் அப்படி இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டிக்கு ஊற்றும்போது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் வாசனை வருகிறதே, அந்த வாசனையே ஆவிதான். யாரும் அதைச் சூடாக்கவில்லை, தானாகவே எழுந்து வருகிறது.

மண்ணெண்ணெய் பழக்கிய கை

ஒரு திரவத்துக்கு மேலே, தீப்பொறி காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேர்வதற்கு அந்தத் திரவம் குறைந்தது எவ்வளவு சூடாக இருக்க வேண்டுமோ, அந்த வெப்பநிலையைப் பற்றுநிலை என்போம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெயின் பற்றுநிலை 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. மண்ணெண்ணெய்க்கு 35 முதல் 40 டிகிரி அளவில் தொடங்கும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரி அளவில் இருக்கிறது. பனி மூடிய இமயமலைச் சிகரத்திலும் பெட்ரோல் குச்சி காட்டினால் பற்றும் நிலையிலேயே இருக்கும் என்று இதற்கு அர்த்தம். நம் ஊர் மார்கழிக் காலையோ பாலக்காட்டுச் சித்திரை வெயிலோ அதற்கு இரண்டும் கொதிக்கும் சூடுதான்.

நம் நாட்டின் பெட்ரோலிய விதிகள், 2002, இந்தப் பற்றுநிலையை வைத்துத்தான் எரிபொருள்களைப் பிரிக்கின்றன. 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் 'ஏ' வகுப்பு. பெட்ரோல் அதில் வரும். 23 முதல் 65 டிகிரிக்குள் இருந்தால் 'பி' வகுப்பு; மண்ணெண்ணெயும் டீசலும் அதில். கட்டுப்பாடுகள் 'ஏ' வகுப்புக்குத்தான் மிகக் கடுமை.

விபத்துகளின் வேர் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். நமக்கு முந்தைய தலைமுறை மண்ணெண்ணெயோடு வளர்ந்தது. ரேஷனில் வாங்கி வந்து, அடுப்புக்கும் அரிக்கேனுக்கும் ஊற்றி, மிச்சத்தைக் குப்பைக்குத் தீ வைக்கவும் பயன்படுத்தினார்கள். ஊற்றுவது, ஊறவிடுவது, குனிந்து பக்கத்தில் வைத்துக் குச்சியை உரசுவது என்ற வரிசை கையில் படிந்துபோனது. மண்ணெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாததால் பெரும்பாலும் அது பொறுத்துக்கொண்டது. இப்போது பல வீடுகளில் மண்ணெண்ணெயே கிடையாது. வாசலில் பைக் நிற்கிறது, அதில் பெட்ரோல் இருக்கிறது. பொருள் மாறிவிட்டது, கை மாறவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பழகிய அதே வரிசையில் பெட்ரோலைக் கையாண்டால், ஊறவிடும் அந்த இரண்டு நிமிடம்தான் ஆளைக் கொல்லும் நிமிடம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: திரவம் எரிவதில்லை, ஆவி எரிகிறது. பெட்ரோல் எந்தப் பருவத்திலும் தானாகவே ஆவியாகிக்கொண்டே இருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அந்த ஆவி கூடுகிறது.

அந்த ஆவி எங்கே போகிறது?

மேலே போய்க் கலைந்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுவதில்லை, தரையில் இறங்கிப் படர்கிறது.

தோப்பில் மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர் போகும் வழியைப் பார்த்திருப்பீர்கள். மேட்டை விட்டுவிட்டு, வாய்க்காலைத் தேடி, கிடைத்த பள்ளத்தில் எல்லாம் இறங்கி, மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் தேங்கி நிற்கும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான் நடக்கும். குவியலின் இடுக்குகளில் இறங்கும், அடியில் வழிந்து வெளியே வரும், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும், பாத்திக்குள்ளும் குழிக்குள்ளும் நிறையும். தண்ணீராக இருந்தால் கால் நனையும்போது தெரிந்துவிடும். இது கணுக்காலைச் சுற்றி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வாசனையை நம்பவும் முடியாது, ஊற்றிய கையிலும் சட்டையிலும் ஏற்கெனவே அதே வாசனைதானே.

இதனால்தான் தூர நின்று குச்சியை எறிவது காப்பாற்றாது. குவியலிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பதாக நினைக்கும் ஆள், ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கலாம். குச்சியைக் கிழிக்கும் இடத்திலேயே, கையிலேயே தீ பிறந்துவிடும். பற்றிய சுடர் ஆவி வழியே ஓடும் வேகத்துக்கு முன்னால் மனிதனின் கால் ஒன்றுமே இல்லை. விலகி ஓடலாம் என்று மூளை முடிவெடுப்பதற்குள் அது முகத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

கொஞ்சமாக ஊற்றினால்?

ஆவி எந்த அளவில் இருந்தாலும் பற்றிவிடும் என்பதில்லை. காற்றில் அது மிகக் குறைவாக இருந்தால் எரியாது, மிக அதிகமாக இருந்தால் ஆக்சிஜன் போதாமல் எரியாது. இடையில் உள்ள அந்த அளவுக்கு எரிவரம்பு என்று பெயர். பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை. நூறு பங்கு கலவையில் ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே போதும், மீதி எல்லாம் வெறும் காற்றாக இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் ஆவி வரும். அது காற்றோடு கலந்து குறைந்தபட்ச எரிவரம்புக்கு வரும்போது 10,000 லிட்டருக்கும் மேற்பட்ட எரியும் கலவையாகிறது. பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு அது. பாட்டிலில் கால் லிட்டர்தான் என்றாலும் 2,500 லிட்டருக்குக் குறையாது. குவியலைச் சுற்றித் தரையோடு அது பரவி நிற்கப் போதுமானது. திறந்த வெளியில் காற்று கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போகும்தான். ஆனால் நெருக்கமாக அடுக்கிய மட்டைகளுக்கு நடுவில் காற்று புகாது, அங்கே ஆவி அடைந்தே கிடக்கும். 'டப்' என்ற சத்தத்தோடு குவியலே தூக்கிப்போடுவதும், எரியும் மட்டை பறந்து வந்து விழுவதும் இதனால்தான்.

ஊற்றின இடத்தில் ஆவி அடர்ந்து எரிவரம்பைத் தாண்டி இருக்கலாம், தள்ளிப் போகப்போக மெலிந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் குவியலுக்கும் நமக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் அது சரியான அளவில் இருக்கும். குச்சியோடு போகிறவர் அந்த இடத்தைக் கடந்துதான் குவியலை அடைய முடியும்.

எரிகிற தீயில் ஊற்றுவது

எல்லாவற்றிலும் கொடுமையானது இது. முதலில் பற்றியது அடங்கிவிட்டது, கங்கு மட்டும் மினுங்குகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று பாட்டிலைச் சாய்க்கிறார்கள்.

பாட்டிலின் வாயைக் கவனித்துப் பாருங்கள். சாய்த்ததும் பெட்ரோல் ஒரே சீராக வராது, குளுக் குளுக் என்று வரும். ஒவ்வொரு குளுக்குக்கும் கொஞ்சம் பெட்ரோல் வெளியே போகிறது, அதே அளவு காற்று உள்ளே போகிறது. நிறைந்த பாட்டிலில் ஆவி மிக அடர்த்தி, ஆக்சிஜனுக்கு இடமில்லை. பாதி காலியாகி, காற்று உள்ளே போய்ச் சேர்ந்ததும் பாட்டிலுக்குள்ளேயே கலவை எரிவரம்புக்கு வந்துவிடலாம். ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு சுடர் மேலே ஏறி வாய்க்குள் நுழைந்தால், உள்ளே இருக்கும் கலவை ஒரே கணத்தில் எரிந்து, மிச்சமிருக்கும் பெட்ரோலையும் சேர்த்துப் பீய்ச்சியடிக்கும். இதைத் தீப்பீச்சு என்று சொல்லலாம். எரியும் திரவம் பல அடி தூரத்துக்குத் தாரையாகப் பாயும். ஊற்றியவர் பதறிப்போய்க் கையை உதறுவார், பாட்டிலை வீசுவார். எதிரில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைமீது அது போய் விழும். இந்த மாதிரி விபத்தில் ஊற்றியவரைவிடப் பக்கத்தில் நின்றவர் மோசமாகக் காயப்படுவது இப்படித்தான்.

கங்கு அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் இதேதான். சாம்பல் மூடிய தென்னங்கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். அதன்மேல் மண்ணெண்ணெய் விழுந்தால்கூட உடனே சுடர் வராது. முதலில் வெள்ளையாகப் புகை கிளம்பும். மெழுகுவத்தியில் பார்த்தோமே, அதே ஆவி. என்ன, பற்றவில்லையே என்று குனிந்து பார்க்கும் முகத்துக்கு நேராக அது வெடித்துப் பற்றும்.

டீசல், தின்னர், சானிடைசர்

டீசலும் மண்ணெண்ணெயும் பெட்ரோல் அளவுக்கு மோசமில்லை என்பது உண்மை. ஆனால் பற்றுநிலையை மறுபடி பாருங்கள். நம் நாட்டு டீசலுக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சப் பற்றுநிலை 35 டிகிரி. பாலக்காட்டுப் பக்கம் கோடையில் காற்றே 40 டிகிரியைத் தொடும். உச்சிவெயிலில் காய்ந்த மண்ணும் பாறையும் அதைவிடச் சூடு. அந்தத் தரையில் ஊற்றிய டீசல் தன் பற்றுநிலையைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. குளிர்ந்த காலையில் சாதுவாக இருந்த அதே கேன், மத்தியானத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

டீசலில் பெட்ரோல் கலப்பது இன்னும் தவறு. இரண்டும் கலந்தால் பற்றுநிலை நடுவில் வந்து நிற்காது. சிறு அளவு பெட்ரோல் சேர்ந்தாலே, முதலில் ஆவியாவது பெட்ரோல்தான் என்பதால் கலவை கிட்டத்தட்ட பெட்ரோலைப் போலவே பற்றும். ஒர்க்‌ஷாப் கழிவு ஆயிலில் பெட்ரோல் கலந்து ஊற்றுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பெயின்ட் தின்னர் பெட்ரோலின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சானிடைசரும் ஸ்பிரிட்டும் தனியாகப் பேச வேண்டியவை. வால்பாறை, மூணாறு என்று போய்த் தங்கும் இளைஞர்கள் கேம்ப் ஃபயருக்கு இதைத்தான் கையில் எடுக்கிறார்கள், கைக்குத் தேய்ப்பதுதானே என்ற தைரியத்தில். ஆல்கஹாலின் பற்றுநிலை சுமார் 13 டிகிரி. அங்கிருந்து 40 டிகிரி வரை, அதாவது நம் ஊரின் ஏறக்குறைய எல்லா நாட்களிலும், மூடிய ஆல்கஹால் பாட்டிலின் காலி இடத்தில் இருக்கும் கலவை எரிவரம்புக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் பாட்டிலுக்குக் காற்று நுழைய வேண்டும், இதற்கு அதுவும் தேவையில்லை. தீப்பீச்சுக்குப் பாட்டில் எப்போதும் தயார். அதோடு ஆல்கஹாலின் சுடர் வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரியும் தீயிலேயே ஊற்றிவிடுவார்கள்.

மொத்தத்தில் ஆவி தரையோடு படரும், மிகச் சிறிதளவே போதும், ஊற்றும் பாட்டிலுக்குள்ளும் தீ நுழையும். எந்தத் திரவம் என்பதைப் பொறுத்து வேகம் கூடும், குறையும். நடப்பது ஒன்றுதான்.

தீ பட்டுவிட்டால்

உடையில் பற்றினால் ஓடக் கூடாது, ஓடினால் காற்று விசிறிவிடும். நின்ற இடத்திலேயே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ நனைத்த சணல் சாக்கோ போட்டு அமுக்கலாம். உரச் சாக்கை எடுத்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் நைட்டியும் டிராக் பேன்ட்டும் அப்படித்தான்.

தீ அணைந்ததும் புண்ணை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். தோப்பில் போர்வெல் தண்ணீர் இருக்கும், மெதுவாக விழும்படி வைத்தால் போதும். ஐஸ் வேண்டாம். குழந்தைக்கும் பெரிய காயத்துக்கும் உடம்பு குளிர்ந்துபோகாமல் மற்ற பகுதியைப் போர்த்த வேண்டும். மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பேஸ்ட், மஞ்சள், மாவு, இங்க், நெய் எதுவும் பூசக் கூடாது. சூடு வெளியேறுவதை அவை தடுக்கும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் விடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மூக்கு முடி கருகியிருந்தாலோ, குரல் கம்மினாலோ, எச்சிலில் கரி வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சூடான காற்றை உள்ளே இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். தொண்டை உள்ளுக்குள் வீங்கி மூச்சுக்குழாய் அடைபடலாம்.

ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்திலும் இதே எண்கள்தான். எல்லையில் இருக்கும் நாம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த மாநிலம், எந்த செக்போஸ்ட்டுக்குப் பக்கம் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பின்னே எப்படிப் பற்றவைப்பது?

முதலில், எல்லாவற்றையும் எரித்தாக வேண்டுமா என்று யோசிக்கலாம். ஓலையையும் உரிமட்டையையும் பாத்தியில் பரப்பினால் கோடையில் மண் ஈரம் காயாமல் நிற்கும். மட்டை அரைக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் தூளாக்கியும் போடலாம். நோய்ப்பட்ட கொண்டை போன்றவற்றை எரித்தே ஆக வேண்டுமானால், அதற்கு வேண்டியது எல்லாம் தோப்பிலேயே இருக்கிறது.

ஈர மட்டை பற்றாததற்குக் காரணம் தீ போதாதது அல்ல, சூடு நீடிக்காததுதான். பெட்ரோல் ஒரு கணம் பெரிதாக எரிந்து அடங்கிவிடும், மட்டைக்குள் இருக்கும் ஈரம் அப்படியே இருக்கும். பலர் இரண்டாவது முறை ஊற்றப்போவது இதனால்தான். தேவை சிறிதாகவே தொடங்கி நின்று எரியும் தீ. நன்றாகக் காய்ந்த பன்னாடையையும் தேங்காய் நாரையும் கைப்பிடி அளவு தரையில் வையுங்கள். மேலே காய்ந்த ஓலைத் துண்டுகள், அதைச் சுற்றிக் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி பிடித்துக்கொண்டால் நின்று எரியும். அதன் சூட்டில்தான் மட்டையின் ஈரம் வெளியேறும். மட்டைகளை நெருக்கி அடுக்காமல், காற்று நுழைய இடைவெளிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

பற்றவைக்க நாலு சூடக்கட்டி போதும். அல்லது தேங்காய் எண்ணெயில் முக்கிய பழைய வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி வையுங்கள். தேங்காய் எண்ணெயின் பற்றுநிலை அவ்வளவு உயரத்தில் இருப்பதால் திரி நுனியில் மட்டும் ஆவி உண்டாகும், அங்கே மட்டும் எரியும். கை நீளத்துக்குக் காய்ந்த ஓலையை முறுக்கிப் பந்தம் கட்டி, அதன் நுனியால் தொட்டுப் பற்றவைத்தால் முகம் தள்ளியே இருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பவே கூடாது. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வையுங்கள், காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். மரத்தடியிலும் சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். சுற்றிப் பத்தடிக்குச் சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, தண்ணீர் வரும் ஹோஸைப் பக்கத்தில் இழுத்து வைத்த பிறகே குச்சியைக் கிழியுங்கள். முடிந்ததும் சாம்பலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டு, புறங்கையைச் சற்று மேலே காட்டி, எங்கும் சூடு தட்டவில்லை என்று உறுதியானால் வீட்டுக்குக் கிளம்பலாம்.